இன்டர்ன்ஷிப் தேட எந்தத் தளம் உருப்படியானது?

இன்டர்ன்ஷிப் தேடும் சிங்கப்பூர் மாணவர் முதலில் திறக்க வேண்டியது தம்முடைய பல்கலைக்கழகத்தின் தளத்தைத்தான். என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) அது டேலண்ட்கனெக்ட், எஸ்எம்யுவில் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) ஆன்ட்ராக். மற்றவற்றிலும் இப்படி ஒன்று உண்டு. தேடல் வசதி சுமார்தான், வேலை விளம்பரங்களும் வெளித் தளங்களைவிடக் குறைவு. ஆனால் அங்கே ஆள் கேட்டு வரும் நிறுவனத்துக்கு, தான் எடுக்கப்போவது மாணவரை என்பது தெரிந்திருக்கும். விடுமுறை எப்போது, கிரெடிட்டுக்கு (பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் பாடப் புள்ளிக்கு) என்ன தேவை என்று ஒவ்வொன்றையும் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது இந்தக் கிரெடிட் விஷயத்தில்தான். என்யுஎஸ் கணினித் துறையில் கிரெடிட் தரும் இன்டர்ன்ஷிப் திட்டங்களில் எஸ்ஐபி 12 வாரம், ஏடிஏபி 6 மாதம். நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். 2026இல் மே 18 திங்களன்று வேலையில் சேர்ந்தால் 12ஆவது வாரம் ஆகஸ்ட் 7இல் முடிகிறது. "ஜூன் 1இல் சேருங்கள்" என்று நிறுவனம் சொன்னால் ஆகஸ்ட் 21 வரை இழுக்கும். அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும். ஆகவே நேர்முகத்தின் முடிவில் சம்பளத்துக்கு முன்பாகத் தேதியைப் பேசி முடியுங்கள்.

அடுத்தது வரிசை. வாய்மொழியாக வேலை உறுதியானதும் பணி விவரம், தொடங்கும் நாள், முடியும் நாள், மேற்பார்வையாளர் பெயர், பதவி ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறையில் கொடுத்து ஒப்புதல் வந்த பிறகு கையெழுத்திடுங்கள். முதலில் கையெழுத்து, வேலையில் சேர்ந்த பிறகு விண்ணப்பம் என்று போனால் கிரெடிட் கிடைக்காமல் போகலாம். பணி விவரமும் தெளிவாக இருக்கட்டும். "அலுவலகப் பணிகளில் உதவுதல்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு துறையில் யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. "வாடிக்கையாளர் தரவுகளை எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கொண்டு சரிபார்த்து வாராந்தர அறிக்கை தயாரித்தல்" என்று எழுதித் தரும்படி கேளுங்கள். நிறுவனம் மறுத்தால், அங்கே உங்களுக்கென்று வேலை எதுவும் யோசித்து வைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வெளித் தளங்களில் இன்டர்ன்எஸ்ஜி நல்ல தளம். மாதத் தொகை எவ்வளவு என்பதைப் பல விளம்பரங்களில் பார்க்கலாம். முன்பு அந்த நிறுவனங்களில் பயிற்சி செய்தவர்களின் கருத்துகளையும் படிக்கலாம். சிறு நிறுவனங்கள் நிறைய. ஒரே நிறுவனம் ஆண்டு முழுவதும் ஒரே வேலைக்கு இன்டர்ன் கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: நிரந்தர ஊழியர் செய்ய வேண்டியதை மாணவரை வைத்து ஓட்டுகிறார்களா? நேர்முகத்தில் "இந்தக் குழுவில் முழுநேர ஊழியர்கள் எத்தனை பேர், எனக்குக் கற்றுத் தருவது யார்?" என்று கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும்.

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் அரசாங்கத் தளம். சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) கொண்டு நுழைந்து விண்ணப்பிக்கலாம். சம்பள வரம்பு வெளிப்படையாக இருப்பது அதன் பலம். ஆனால் அது முழுநேர வேலை தேடுவோருக்காக அமைந்த தளம். வேலை வகையில் இன்டர்ன்ஷிப் என்று வடிகட்டாவிட்டால் பொருந்தாத விளம்பரங்களில் மூழ்கிப் போவீர்கள். அரசாங்க அமைப்புகளில் பயிற்சி வேண்டுவோர் கேரியர்ஸ்@கவ் தளத்துக்கு நேராகப் போகலாம். லிங்க்ட்இன் பெரிய நிறுவனங்களைக் கண்டுபிடிக்க உதவும். விண்ணப்பத்தை அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் போடுவது நல்லது. பெரிய வங்கிகள் அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும். மார்ச்சில் தேடத் தொடங்குபவருக்கு அந்தக் கதவு எப்போதோ சாத்தப்பட்டிருக்கும்.

தொகையைப் போடும் தளங்கள்கூடக் கையில் எவ்வளவு வரும் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் பெரிய குறை. பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்த பயிற்சிக்குப் பொதுவாக மத்திய சேமநிதிச் சந்தா (ஓய்வுக்காலச் சேமிப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பது) கிடையாது. நீங்களாகத் தேடிச் சேர்ந்த விடுமுறை வேலைக்குச் சந்தா உண்டு. அப்படியானால் 1,000 வெள்ளி என்று போட்டிருக்கும் வேலையில் உங்கள் பங்கு 20 விழுக்காடு கழிந்து 800 வெள்ளி கையில் வரும். முதலாளியின் பங்கு 170 வெள்ளியோடு சேர்த்து 370 வெள்ளி உங்கள் சேமநிதிக் கணக்குக்குப் போகும். 900 வெள்ளி தரும் ஒப்புதல் பெற்ற பயிற்சியோடு ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மாணவர் அனுமதியில் வந்து படிப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மனிதவள அமைச்சு அங்கீகரித்த கல்வி நிலையத்தில் முழுநேரம் படிப்பவர் பாடத் தவணையின்போது வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு இல்லை.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. பல தளங்களின் படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும். அப்பா பெயரை ஒரு தளத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் எஸ்/ஓ (மகன்), டி/ஓ (மகள்) சேர்த்தும் எழுதினால், பின்னணிச் சோதனையிலும் வங்கிக் கணக்கில் சம்பளம் போடும்போதும் பெயர் பொருந்தாமல் தாமதமாகும். அடையாள அட்டையில் உள்ள வரிசையையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். ரெஸ்யூமேயில் "தமிழ் தெரியும்" என்று மட்டும் எழுதுவதும் வீண். யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்வேன், ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவேன், ஏ நிலைத் தேர்வில் எச்2 தமிழ் எடுத்தேன் என்று எழுதினால்தான் அதற்கு மதிப்பு. தமிழ் முரசு, மீடியாகார்ப் செய்திப் பிரிவு போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இது முதல் வரியில் இருக்க வேண்டும்.

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வேலைகளுக்கு நான் ஒரு நட்சத்திரம்கூடத் தரமாட்டேன். முகவர் என்று யாராவது சொன்னால் உரிம எண்ணைக் கேட்டு மனிதவள அமைச்சின் முகவர் பட்டியலில் தேடுங்கள். நிறுவனத்தின் பெயரை அரசாங்க நிறுவனப் பதிவேடான பிஸ்ஃபைலில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். முன்பணம் கேட்டாலோ, சிங்பாஸ் மறைச்சொல்லைக் கேட்டாலோ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.