ஒரே நீளம், 1,450 கிலோ வித்தியாசம்: கேட்டலினா 30, ஜே/30

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பக்கம் 30 அடியில் பழைய பாய்ப்படகு தேடினால், தேர்வு இந்த இரண்டில் வந்து நிற்கலாம். ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா 30, 1970களின் நடுவிலிருந்து 2008 வரை 6,000-க்கு மேல் கட்டப்பட்டது. ராட் ஜான்ஸ்டன் வரைந்த ஜே/30 1979இல் வந்தது. மொத்தமே 500 சொச்சம்தான்.

இரண்டுக்கும் நீர்க்கோட்டு நீளம் (நீரைத் தொடும் பகுதியின் நீளம்) 25 அடி. நீருக்கடியில் இறங்கும் ஆழம் 5 அடி 3 அங்குலம். பாய்ப்பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 440 சதுர அடி. ஆனால் கேட்டலினாவின் எடை 4,630 கிலோ, ஜே/30-இன் எடை 3,175 கிலோ. மற்ற எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் பந்தயம். கிளப் பந்தயங்களில் வேகம் குறைந்த படகுக்கு மைலுக்கு இத்தனை விநாடி என்று சலுகை தருவார்கள்; பி.எச்.ஆர்.எஃப். எனப்படும் அந்தச் சலுகை எண் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். பொதுவாக ஜே/30-க்கு 140-ஐ ஒட்டியும், கேட்டலினாவுக்கு 180-க்கு மேலும் கொடுப்பார்கள். அதாவது வித்தியாசம் ஒரு கடல் மைலுக்கு 40 விநாடி. 20 மைல் ஓட்டத்தில் ஜே/30 13 நிமிடம் முன்னால் வந்தால்தான் கணக்கு சமன். செசபீக்கின் ஜூலை, ஆகஸ்ட் மென்காற்றில் அந்த 13 நிமிடத்தை அது அலட்டிக்கொள்ளாமல் எடுத்துவிடும். பந்தய ஆசையோடு கேட்டலினாதான் வேண்டும் என்பவர்கள், பாய்மரம் 2 அடி கூடுதலாக உள்ள உயர மர வகையைத் தேடலாம்.

ஜே/30-ஐ வாங்கும் தம்பதிகள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அதன் கீலில் (படகு சாயாமலிருக்க அடியில் தொங்கும் பாரம்) இருக்கும் ஈயம் 950 கிலோ மட்டும், கேட்டலினாவில் 1,900. பந்தயத்தில் 6 பேர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்காருகிறார்களே, அது வேடிக்கைக்கல்ல, படகு அதிகம் சாயாமல் பிடிக்கத்தான். ஆளுக்கு 75 கிலோ என்றால் 450 கிலோ, கீலில் பாதி! உல்லாசப் பயணத்தில் இருவர் மட்டும் போகும்போது அந்தப் பாதி கரையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே காற்று ஏறும் முன்பே பெரிய முன்பாயை இறக்கிச் சிறியதை ஏற்ற வேண்டும். பின்கம்பியை இறுக்கிப் பாய்மரத்தை வளைத்து முதன்மைப் பாயைத் தட்டையாக்க வேண்டும். செய்யத் தெரிந்தவருக்குச் சுகமான படகு. கேட்டலினா இவ்வளவு கேட்காது. 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றுக்கு முதன்மைப் பாயில் ஒரு மடிப்பு போட்டு, முன்பாயைக் கொஞ்சம் சுருட்டினால், சுக்கான் கையை இழுப்பதும் குறையும்.

குடியிருப்பதற்கு ஜே/30 வேண்டாம். ஒருவர் கோடையைக் கழிக்கலாம், அவ்வளவே. துணிமணி, கருவிப்பெட்டி, கூடுதல் பேட்டரி, நங்கூரச் சங்கிலி, குடிநீர் என்று குடித்தனம் 700 கிலோவைச் சுலபமாகத் தொடும். அது ஜே/30-இன் எடையில் 22 சதவீதம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் அதில் கரைந்துவிடும். கேட்டலினாவுக்கு 15 சதவீதம், முனகிக்கொண்டு சுமக்கும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், குளிக்கலாம், நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இனி வாங்கும்முன் பார்க்க வேண்டியவை. ஜே/30-இன் உடலும் மேல்தளமும் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியவை. போல்ட் போட்ட துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். பிளாஸ்டிக் சுத்தியலால் அரையடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘தொப்’ என்று அமுங்கினால் உள்ளே மரம் ஊறிவிட்டது. தள விளிம்பின் வேலிக் கம்பங்களின் அடியும் வின்ச்சுகளை (பாய்க்கயிறு இழுக்கும் உருளைகள்) சுற்றிய இடமும் முக்கியம். பாய்மரத்தின் பக்கக் கம்பிகளைத் தாங்கும் பட்டைகள் தளத்தைத் துளைத்துக் கீழே குறுக்குத் தடுப்புப் பலகையில் போல்ட் ஆகின்றன. அந்தப் பலகையில் கறுத்த கறை வழிந்திருந்தால் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால், பாய்மரத்தையே தாங்கும் பலகை மக்கிவிட்டது. மாற்றும் கூலியை விலையில் கழிக்காமல் பேச்சைத் தொடர வேண்டாம். சுக்கானின் உட்பகுதியும் தண்ணீர் குடிக்கும்.

கேட்டலினாவின் நோய்க்குப் பெயரே ‘கேட்டலினா புன்னகை’. கரையேற்றிய படகில் கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்முனையில் வாய்போல விரிசல் தெரியும். பழைய படகுகளில் கீலின் மேல்தண்டுக்குள் பிளைவுட் வைத்துக் கட்டியிருந்தார்கள். அது ஈரத்தில் நசுங்க, போல்ட் தளர்ந்துவிடும். படகின் பாரம் முழுதும் கீல்மேல் நிற்கும்படி வைத்து, கம்பெனி சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கி, விரிசலைச் சுரண்டி அடைக்கலாம். அடைத்த வாய் அடுத்த வருஷமே மீண்டும் திறந்தால் பிளைவுட்டையே எடுக்க வேண்டிய கேஸ். பழைய படகுகளில் உடலைத் துளைக்கும் குழாய்களுக்குச் சாதாரண கேட் வால்வுதான் இருக்கும். திருகும்போது கைப்பிடி மட்டும் சுற்றினால் உள்ளே தண்டு போய்விட்டது என்று பொருள். முறையான சீகாக் (படகுக்கென்றே செய்த கடல்நீர் வால்வு) போட்டுக்கொள்ளுங்கள்.

யுனிவர்சல் டீசல் எஞ்சின் உள்ள கேட்டலினாவில் ஒரு வயரிங் கோளாறு உண்டு. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பிளக் வழியே காக்பிட் அம்மீட்டருக்குப் போய்த் திரும்புகிறது. பிளக்கின் ஊசிகள் துருவேறினால் சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம். பிளக்கை வெட்டியெறிந்து, ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த வயரை நேரே பேட்டரிப் பக்கம் ஃபியூஸுடன் கொண்டுபோய், அம்மீட்டர் இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள். ஒரு மதிய வேலை. முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருந்தால், படகை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் என்று பாதி நம்பலாம். ஜே/30-இன் யான்மாரில் பார்க்க வேண்டியது புகைபோக்கிக் குழாயின் வளைவான எல்போ; உள்ளே உப்பும் கரியும் அடைத்தால் எஞ்சின் சூடேறும்.

விலையைப் பேசும்போது ஜே/30-இன் பாய்கள் எந்த வருஷத்தவை என்று கேளுங்கள். முதன்மைப் பாய், ஜெனோவா (பெரிய முன்பாய்), ஸ்பின்னக்கர் (பின்காற்றுக்கான பலூன் பாய்) மூன்றையும் புதிதாகத் தைத்தால், பழைய படகொன்றின் விலையையே தொட்டுவிடக்கூடும்.