எச்09 ஆன்டிபாடி: பாசிட்டிவை நம்பலாம், நெகட்டிவோடு நிறுத்தக்கூடாது

மூளைக் கட்டிகளைப் பார்க்கும் எந்த பேத்தாலஜி லேபிலும் எச்09 குளோன் (திசு ஸ்லைடில் போட்டு, ஐடிஎச்1 என்சைமின் மாற்றத்தை நிறமாகக் காட்டும் ஆன்டிபாடி) இருந்தே ஆகவேண்டும். ஹைடல்பெர்க்கில் உருவாகி 2009இல் வெளிவந்தது. ஐடிஎச்1 என்சைமின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருந்தால் மட்டுமே ஒட்டும். இயல்பான என்சைமை விட்டுவிடும்.

அந்த ஒரு அமினோ அமிலம் மாறியதும் என்சைமின் வேலையே மாறிவிடுகிறது. ஐசோசிட்ரேட்டிலிருந்து ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் செய்யவேண்டியது, அதையே எடுத்து டி-2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட்டாக்கிக் குவிக்கிறது. டிஎன்ஏவிலும் ஹிஸ்டோனிலும் மெத்தில் குழுக்களை நீக்கும் என்சைம்கள் இதனால் முடங்க, செல் முதிராமலே நின்றுபோகிறது.

4 மைக்ரான் தடிமனில் திசு செக்‌ஷன் போதும். சூட்டில் ஆன்டிஜன் மீட்பு (ஆன்டிபாடி ஒட்டும் இடத்தைத் திறந்துவிடுவது) அவசியம். ஆன்டிபாடியை 1:50இல் தொடங்கி 1:200 வரை நீர்த்துப் பார்த்து உங்கள் லேபுக்கு ஏற்ற அளவை முடிவு செய்யுங்கள். புது லாட் வந்தால் திரும்பவும் பாருங்கள்.

இதன் உண்மையான பலம் சின்ன பயாப்ஸியில் தெரியும். சாதாரண எச்&ஈ (ஹெமடாக்ஸிலின்-இயோசின் சாயம்) ஸ்லைடில் கிளையோசிஸா (மூளைத் திசுவில் காயத்துக்கு எதிர்வினையாக வரும் தழும்பு) கட்டியின் ஓரமா என்று திணறும் இடத்தில், இயல்பான திசுவுக்குள் ஊடுருவிய ஒற்றைச் செல்கூட பழுப்பாகத் தனித்து நிற்கும். சைட்டோபிளாசத்தில் அழுத்தமான நிறம் வேண்டும். அதே ஸ்லைடில் ரத்தக்குழாயின் உட்சுவரான எண்டோதீலியமும் நியூரான்களும் நீலமாகவே இருக்கவேண்டும். அவையும் பழுப்பானால் அந்த ஸ்லைடை வைத்து ரிப்போர்ட் எழுதாதீர்கள், மறுபடி போடுங்கள். செல்களுக்கு இடையிலுள்ள நாரிழைகளில் படரும் வெளிறிய நிறம் பாசிட்டிவ் ஆகாது. செத்த திசு, செக்‌ஷனின் ஓரம், ஃப்ரோசனில் (அறுவையின்போதே உறையவைத்துப் பார்க்கும் சோதனையில்) மிஞ்சிய திசு ஆகியவை அடிக்கடி ஏமாற்றும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. கிளையோமாவில் (மூளையின் கிளையல் செல் வகைக் கட்டியில்) வரும் ஐடிஎச் மாற்றங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இது பிடிக்கிறது. அதே இடத்தில் சிஸ்டீன், கிளைசின், செரின் வந்தாலோ, அதன் இணை என்சைமான ஐடிஎச்2இல் மாற்றம் இருந்தாலோ நெகட்டிவ்தான் காட்டும். ஆகவே 55 வயதுக்கு உட்பட்டவருக்கு நெகட்டிவ் வந்தால் சீக்வென்சிங்குக்கு (மரபணு வரிசையைப் படிக்கும் சோதனைக்கு) அனுப்பியே தீரவேண்டும். 2024இல் அமெரிக்காவில் இரண்டாம் கிரேடு ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்கும் ஒலிகோடெண்ட்ரோகிளையோமாவுக்கும் வோராசிடெனிப் என்ற, மாறிய ஐடிஎச் என்சைமைத் தடுக்கும் மருந்து அனுமதி பெற்றது. இரண்டு என்சைம்களின் மாற்றத்துக்கும் அது வேலை செய்யும். எச்09 நெகட்டிவோடு நிறுத்திக்கொண்டால் அந்த வாய்ப்பு நோயாளிக்குக் கிடைக்காமல் போய்விடும்.

பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்காக இதை வாங்கவே வேண்டாம். அங்கே பெரும்பாலும் வருவது சிஸ்டீன் மாற்றம்.