கரையான் மருந்தோடு வேக்குவம் கிளீனரும் விற்க வந்தால்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை

மழை விட்ட சாயங்காலம் ஈசல் வந்து டியூப்லைட்டை மொய்க்கும். மறுநாள் காலையில் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் காலிங்பெல் அடிப்பார்கள். "உங்க வீட்டுல கரையான் இருக்குதுங்க, ஃப்ரீயா செக் பண்ணித் தர்றோம்" என்று பேச்சு ஆரம்பிக்கும். அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் இப்படி வந்தவர்களிடம் போன பணம் 35,000 ரூபாய். வேக்குவம் கிளீனருக்கு 28,500, கரையானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்தடிக்க 6,500. மூன்று வாரத்தில் மெஷின் நின்றுபோனது, மூட்டைப்பூச்சி நிற்கவில்லை. மெஷினைப் பார்க்க வந்தவர் மோட்டார் போய்விட்டது, 4,200 ஆகும் என்றார். மோட்டார் போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான். வெளிச்சத்தைத் தேடி வெளியிலிருந்து பறந்து வரும் ஈசலை வைத்து வீட்டுக்குள் புற்று இருக்கிறது என்று சொல்ல முடியாது. நிலைச் சட்டத்தின் இடுக்கிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ கூட்டமாக வெளியே வந்தால்தான் உள்ளே புற்று இருப்பதாக அர்த்தம். சிறகு முளைத்த எறும்பையும் சிலர் ஈசல் என்று காட்டிப் பயமுறுத்துவார்கள். ஈசலின் நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது. எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு நூல் போல் இருக்கும். வெளியிலிருந்து வந்த ஈசலுக்கு விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒரு விளக்குக்குக் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும். காலையில் விளக்குமாறு. இதற்கு மெஷின் எதற்கு? அந்தக் காலத்தில் இதை வறுத்துப் பொரியோடு தின்றவர்கள் நாம்.

அடுத்தது கறுப்புத் துணி டெமோ. உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பொருத்தி, மெத்தையின் மேல் பத்து முறை இழுத்து, துணியில் படிந்த வெள்ளைத் தூளைக் காட்டி "இதெல்லாம் பூச்சிங்க, இது மேலதான் உங்க குழந்தை தூங்குது" என்பார்கள். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியின் நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அது இருக்கிறதா என்று துணியில் படிந்த தூளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தெரிவது உதிர்ந்த தோல் செதிலும் பஞ்சுத் தூசியும். இலவம்பஞ்சு மெத்தையானால் நூறாவது முறை இழுத்தாலும் தூள் வரும். பக்கத்தில் தறி ஓடும் தெருவென்றால் கேட்கவே வேண்டாம். அவர்கள் கடையிலிருந்து ஒரு புது மெத்தையைக் கொண்டு வரச் சொல்லுங்கள், அதிலும் வெள்ளை வரும்.

"2000 வாட், எவ்வளவு பவர் பாருங்க" என்பதும் இந்த ரகம்தான். வாட் என்பது மெஷின் இழுக்கும் கரண்ட். எவ்வளவு உறிஞ்சும் என்பதற்குக் கிலோபாஸ்கல் அளவைக் கேட்க வேண்டும். ஹெப்பா என்பது நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர். "ஹெப்பா மாதிரி" என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த அளவும் கிடையாது. எச்-13 என்று தரம் போட்டிருக்க வேண்டும். அந்தத் தரம் மிக நுண்ணிய தூசியிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும்.

இப்போது கரையான் மருந்து. இதிலும் பணம் அடிக்கிறார்கள். கட்டி முடித்த வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6313, மூன்றாம் பாகம் இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் 12 மி.மீ. துளை, 30 செ.மீ.க்கு ஒன்று, அதாவது அடிக்கு ஒன்று. துளை தரையைத் தாண்டி மண்ணைத் தொட வேண்டும். ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர், அதற்குமுன் மண் குடிப்பதை நிறுத்தினால் நிறுத்திவிடலாம். 10க்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி. வாசலைக் கழிக்காமல் 44 துளை, 44 லிட்டர் வரை மருந்துத் தண்ணீர். மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதக் கரைசலென்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, ஓர் அறைக்கே 90 மில்லிக்கு மேல் போகும். அம்மாபேட்டை வீட்டுக்கு வந்தவர்கள் முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் ஒன்றைக் கொண்டுவந்து மூன்று அறைகளை முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போட்ட துளை ஒன்றில் அடைத்திருந்த வெள்ளை சிமெண்டைப் பெயர்த்துவிட்டு ஒரு ஈர்க்குச்சியை விட்டால் இரண்டு அங்குலத்தில் முட்டி நின்றது. கீழே கான்கிரீட். மருந்து மண்ணைப் பார்க்கவே இல்லை. ஆனால் பத்து வருட வாரண்டி அட்டை பளபளவென்று இருந்தது. துளையை அடைப்பதற்கு முன்னால் நீங்களே குச்சி விட்டுப் பாருங்கள். வெறும் கை விட வேண்டாம், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் வேறு மாதிரி. கூரை உத்தரத்திலிருந்து மாவு போல் தூள் உதிரும். அதைக் கரையான் என்று காட்டித் தரையைத் துளைக்கிறார்கள். கரையான் மண்ணைக் கொண்டுவந்து வரிவரியாகப் பூசும். மாவு போல் கொட்டினால் அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. தரையில் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அதற்குத் தெரியாது. மரத்துக்குத்தான் மருந்து வைக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்கு "ஒரே தடவைதாங்க, அப்புறம் வராது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முட்டை பசை போட்டதுபோல் மரத்தில் ஒட்டியிருக்கும், வேக்குவம் இழுத்தாலும் வராது, பல மருந்துகள் முட்டைக்குள் இறங்குவதும் இல்லை. 6 முதல் 10 நாளில் பொரிக்கும். அதனால் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது முறை கட்டாயம். இரண்டாவது வருகைக்கான தேதியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேக்குவம் இதில் உதவி மட்டும் செய்யும். குறுகலான முனையை மாட்டி கட்டில் இணைப்பு, மெத்தைத் தையல், ஆணி ஓட்டை என்று மெதுவாக இழுக்க வேண்டும். முடிந்ததும் பையைக் கழற்றிப் பாலித்தீன் கவரில் இறுகக் கட்டி வெளியே போட வேண்டும். உள்ளேயே விட்டால் ராத்திரி குழாய் வழியாகத் திரும்பி வரும். மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போடுவதும் முழுப் பலன் தராது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். துணிமணிகளை 60 டிகிரி சூட்டில் துவைப்பது நல்லது.

அறைக்குள் மாத்திரை வைத்துப் பூட்டினால் எல்லாம் செத்துவிடும் என்று எவராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நீட்டினால் அப்போதே வெளியே அனுப்புங்கள். ஈரக்காற்று பட்டதும் வரும் பாஸ்பீன் வாயு, பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும்.

கரப்பானுக்கு ஜெல் வைத்துவிட்டு, அதே இடத்தில் ஸ்பிரேயும் அடித்து இரண்டுக்கும் பணம் வாங்குகிறார்கள். ஸ்பிரே வாடையில் கரப்பான் ஜெல் பக்கம் வராது. இரண்டில் ஒன்றுதான்.

இனி அந்த மெஷின். துளை போட்டபோது கிளம்பிய கான்கிரீட் தூளை, கம்பெனி ஆளே "பாருங்க எப்படி இழுக்குது" என்று புது வேக்குவத்தால் இழுத்துக் காட்டினார். சிமெண்ட் தூள், கோலமாவு, சாம்பல் மூன்றும் வீட்டு வேக்குவத்துக்கு ஆகாது. தூள் ஃபில்டரின் மடிப்பில் அப்பி, காற்று ஓட வழியில்லாமல், மோட்டார் சூடேறும். உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் கரண்டைத் துண்டிக்கும். மோட்டார் செத்ததுபோல் தெரியும். ப்ளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். அப்போது குழாயைக் கழற்றிவிட்டு மெஷின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே நன்றாக இழுத்தால் அடைப்பு குழாயில். ஒரு கோலிக்குண்டை உள்ளே போட்டால் மறுபக்கம் வருகிறதா என்று தெரிந்துவிடும். அங்கேயே இழுக்கவில்லை, மோட்டார் சத்தம் மட்டும் கீச்சென்று ஏறுகிறது என்றால் ஃபில்டரைப் பாருங்கள். சத்தம் ஏறுவது காற்று இல்லாமல் மோட்டார் பளுவின்றிச் சுற்றுவதால்தான். கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் ஃபில்டரைக் கழுவுங்கள், காகித ஃபில்டர் தண்ணீரில் வீணாகும். சேலத்தில் 24 மணி நேரம் காயட்டும், ஏற்காட்டு மழையில் இரண்டு நாள் கூடப் போதாது. ஈர ஃபில்டரை மாட்டினால் பூஞ்சை வாடையும் அடிக்கும், மோட்டாரும் கெடும். பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள்.

நிஜமாகவே மோட்டாரில் கோளாறு என்றாலும் முதலில் தேய்வது கார்பன் பிரஷ்தான். பொறி பறப்பதும் விட்டுவிட்டு ஓடுவதும் அதன் அடையாளம். ஒரு ஜோடி மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் பில், வாரண்டி அட்டை, துளைகளின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். சரிவராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இனிமேல் மருந்தடிக்கக் கூப்பிடுபவர்கள் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வாங்கிய உரிமத்தின் நகலைக் கேளுங்கள். மருந்தின் பெயர், சதவீதம், எத்தனை துளை, எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதிய பிறகே டிரில்லை எடுக்க விடுங்கள்.