அக்காவின் தையல் மெஷினுக்கு சர்வீஸ்

அக்கா போய் ஏழு மாதமாகிறது. அவளுடைய தையல் மெஷின் மூலையில் துணி போர்த்தியே கிடந்தது. மகள் பழகட்டுமே என்று மிதித்துப் பார்த்தேன். சக்கரம் அசையவே இல்லை. சரி என்று மேல்பாகத்தை மட்டும் கழற்றி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன்.

கடைக்காரர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். "தேங்காய் எண்ணெய் விட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அக்கா வேலைதான்! மெஷின் ஆயில் தீர்ந்தால் நேரே சமையலறைக்குப் போய்விடுவாள். அது பிசினாக இறுகிவிட்டதாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புதுத் தோல் பெல்ட்டும் கொடுத்து, 650 ரூபாய் வாங்கினார். மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் இழுத்தடித்தார். அதற்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

நடுவில் ஒருநாள் போன் வந்தது. "பாபின்ல அரக்கு நூல் பாதி மிச்சமிருக்கு. எடுத்துடவாம்மா?"

அவள் கடைசியாகத் தைத்தது என் ஜாக்கெட்டை. ஒரு கை இன்னும் பாக்கி.

"இருக்கட்டும் ஐயா" என்றேன். அப்படியே ஒரு காகிதத்தில் மடித்துத் தந்தார்.

இப்போது வேறு பாபின் போட்டு மகள் மிதிக்கிறாள். தையல் நேராக விழுகிறது. சத்தமும் பழைய சத்தமேதான்.