ஆவாரம் பட்டைத் தூள் வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டிலேயே தோல் பதனிடும் ஆசையில் சாமான் வாங்கி, 3,200 ரூபாயையும் இரண்டு ஆட்டுத்தோலையும் இழந்தேன். பணம் போனதைவிடத் தோல் போனதுதான் வருத்தம். என்னைப் போல வேறு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நான் நோட்டுகளைக் கையால் தைத்து பைண்டிங் செய்கிறேன். அதற்கு குரோம் தோலைவிட, அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோலைவிட, மரப்பட்டையில் பதனிட்ட தோல் நல்லது. அழுத்தினால் அச்சு அப்படியே நிற்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் நம் ஊரிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. இப்போது தோல் பதனிடும் ஷாப்களில் பெரும்பாலும் குரோமும், வாட்டில் என்ற வேறொரு மரப்பட்டையின் சாரமும்தான். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று தேடியபோது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஆவாரம் பட்டைத் தூள் 5 கிலோ, கடுக்காய்த் தூள், சுண்ணாம்பு, ஒரு பக்கச் செய்முறைத் தாள். "7 நாளில் தோல் ரெடி" என்று போட்டிருந்தார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் இரண்டு தோல் வாங்கி, சூடு ஆறுவதற்குள் உப்புப் போட்டேன். மறுநாள் உப்பைக் கழுவி, ஒரு தோலை அவர்கள் அனுப்பிய சுண்ணாம்பில் ஊறவைத்தேன். நான்கு நாள் ஆகியும் முடி அசையவில்லை. விற்றவருக்குப் போன் செய்தால், "இன்னும் ரெண்டு நாள் விடுங்க சார், தானா வரும்" என்றார். ஆறாம் நாள் முடி வந்தது, கூடவே தோலின் மேல்பரப்பும் கையோடு உரிந்து வந்தது. அந்த நாற்றத்தில் வாளியை வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. தோல் அழுகியிருந்தது.

காரணம் சுண்ணாம்பு. சுட்ட கல்லில் தண்ணீர் விட்டு நீற்றின சுண்ணாம்பு காற்றுப்படக் கிடந்தால் காரம் போய் வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். மிச்சமிருந்ததில் இரண்டு சொட்டு வினிகர் விட்டேன், சோடா மாதிரி நுரைத்தது. நல்ல சுண்ணாம்பு அப்படி நுரைக்காது. உள்ளூரில் சுட்ட கல்லாக வாங்கி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நீற்றினேன். இரண்டாவது தோலில் முடி வழித்தெடுக்க வந்தது.

அந்தத் தோலைத்தான் பட்டைத் தூள் கெடுத்தது. தாளில் சொன்னபடி மொத்தத் தூளையும் ஒரே நாளில் கரைத்துத் தோலைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது, தோலும் நிறம் பிடித்தது. மனசு நிறைந்துபோனது. ஏழு நாள் கழித்துக் காயவைத்தால் பலகை மாதிரி விறைத்தது. ஈரத் துணியால் துடைத்தேன், துணியெல்லாம் சிவப்பு. ஓரத்தில் பிளேடால் ஒரு கீற்று வெட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காகிதத் தடிமனுக்குச் சாயம், நடுவில் முழுக்கப் பதப்படாத பச்சைத் தோல், மங்கலான கண்ணாடி போல. அந்தக் கீற்றைச் சூடான தண்ணீரில் போட்டதும் சுருண்டு பாதியானது. பதப்பட்ட தோல் அந்தச் சூட்டைத் தாங்கும்.

திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தவர், "தம்பி, இது மரத்தூள், சாயம் ஏத்தியிருக்கான்" என்றார். "நல்ல பட்டையா இருந்தாலும் முதல் நாளே கெட்டித் தண்ணியில போடக்கூடாது. மேல்தோல் வாயை மூடிக்கும், உள்ள சாரம் இறங்காது." ஆக, சாமான் மட்டுமல்ல, செய்முறைத் தாளும் பொய்.

அவர் சொல்லித்தந்த சோதனையைத் தூள் வாங்கியவர்கள் எல்லோரும் செய்யுங்கள். ஒரு ஸ்பூன் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பு இருந்தால் தண்ணீர் கறுக்கும். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய ஆவாரம் பட்டை அரை மணியில் கரும்பச்சையாக மாறியது. இவர்கள் தூள் மறுநாளும் அதே சிவப்பு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், என்ன சாயம் என்று யாருக்குத் தெரியும்? முடிந்தவரை தூளே வாங்காதீர்கள். முழுப் பட்டையாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த ஆள் சொன்னதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டும். "பணத்துக்குப் பதிலா ஒரு மான்தோல் தர்றேன், பதம் போட்டுப் பாருங்க, ஆசனத்துக்கு நல்ல விலை போகும்." புள்ளிகளோடு படமும் அனுப்பினார். தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு மானின் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. "தானாகச் செத்த மான்" என்பதெல்லாம் செல்லாது. செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. ஆட்டுத்தோலில் புள்ளி வரைந்து மான்தோல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தை வனத்துறைக்கு அனுப்பிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. விளம்பரம் அதே "7 நாள்" வாசகத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது தோல் இப்போது வாளியில் இருக்கிறது. முதலில் டீத் தண்ணீர் போல நீர்த்த சாறு, மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கெட்டியாக. இன்று காலை ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். பழுப்பு இரண்டு பக்கமிருந்தும் உள்ளே இறங்கியிருக்கிறது, நடுவில் நூல் அளவுக்கு மட்டும் வெள்ளை மிச்சம்.