யூகே 8, யூரோ 42, யூஎஸ் 9: எந்த எண்ணை நம்பி ஷூ வாங்குவது?

விளையாட்டு ஷூவின் நாக்கைப் புரட்டினால் உட்புறத்தில் ஒரு சிறிய அளவுச்சீட்டு இருக்கும். நைக்கி ஆண்கள் ஷூ ஒன்றில் அது யூஎஸ் 9, யூகே 8, யூரோ 42.5, சென்டிமீட்டர் 27 என்று சொல்லும். அடிடாஸில் அதே யூகே 8ஐ எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் யூஎஸ் 8½, யூரோ 42, 265 மில்லிமீட்டர் என்று இருக்கும். இரண்டுமே யூகே 8தான். ஆனால் ஒன்று மற்றதைவிட அரை சென்டிமீட்டர் நீளமான காலுக்கு உரியது. ‘என் சைஸ் 8’ என்று மட்டும் தெரிந்துகொண்டு இணையத்தில் வாங்குபவர்களின் பெருவிரல் நசுங்குவதும், ஷூ குதிகாலில் கழன்று கழன்று வருவதும் இப்படித்தான்.

அளவு மாற்று அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டை எடுத்து ஒப்பிட்டால் ஒத்துப்போவதில்லை. அட்டவணை போட்டவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த முறைகள் எல்லாம் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதே மூல காரணம்.

ஷூ செய்யும்போது மேல்தோலை ஒரு கால்வடிவ அச்சின்மேல் இழுத்துப் பிடித்து வடிவம் கொடுப்பார்கள். அந்த அச்சுக்குத் தொழிலில் ‘லாஸ்ட்’ என்று பெயர். பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய மூன்றின் எண்களும் இந்த லாஸ்டின் நீளத்திலிருந்து பிறந்தவை. ஜப்பானின் சென்டிமீட்டரும் கொரியாவின் மில்லிமீட்டரும் ஷூவுக்குள் போகப்போகிற பாதத்தின் நீளத்தைச் சொல்பவை. விரல்களுக்கு இடம் வேண்டும் என்பதால் லாஸ்ட் பாதத்தைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கும். எவ்வளவு இடம் விடுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. ஆகவே முதல் மூன்று முறைகளில் எண் ஒன்றாக இருந்தாலும் அது எந்தப் பாதத்துக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நம் ஊர்க் கடைகளில் பழகிப்போன பிரிட்டிஷ் முறையை முதலில் பார்ப்போம். மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்ற பழைய கணக்குதான் இதன் அடிப்படை. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஒரு பார்லி மணி இடைவெளி, அதாவது 8.47 மில்லிமீட்டர். லாஸ்டின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து, மூன்றால் பெருக்கி, 25ஐக் கழித்தால் பெரியவர்களின் சைஸ் வந்துவிடும். 11 அங்குல லாஸ்ட் என்றால் 8ஆம் நம்பர்.

குழந்தைகளின் கணக்கு 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை போய், அதற்கு அடுத்த சைஸில் மறுபடியும் 1 என்று ஆரம்பிக்கிறது. கைக்குழந்தைக்கும் 1 உண்டு, பள்ளிப் பிள்ளைக்கும் 1 உண்டு. இரண்டுக்கும் இடையே நாலே கால் அங்குலத்துக்கும் மேல் வித்தியாசம். ஜூன் மாதத்தில் பள்ளி ஷூ வாங்கப் போகும் பெற்றோர், போன வருடம் 13 என்றால் இந்த வருடம் 14 இருக்கும் என்று நினைத்துக் குழம்புவது இயல்பு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார், இணையத்தில் அந்த உதவி கிடையாது. பிரிட்டிஷ் முறையின் இன்னொரு குறை, படி மிகப் பெரியது. 8 கடிக்கிறது, 9 தொளதொளக்கிறது என்றால் நடுவில் 8½ வேண்டும். நம் கடைகள் பலவற்றில் அரை சைஸ் கேட்டால் கிடைக்காது.

ஐரோப்பிய எண்ணின் அலகு ‘பாரிஸ் பாயிண்ட்’. ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். லாஸ்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் சைஸ். 28 சென்டிமீட்டர் லாஸ்ட் என்றால் 42. குழந்தையின் 20இல் தொடங்கிப் பெரியவரின் 46 வரை ஒரே கோடு. இடையில் எண் திரும்பி வருவதில்லை. ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்பதும் கிடையாது. படியும் சிறியது. பழைய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் தயங்காமல் ஐரோப்பிய எண்ணைத்தான் சொல்வேன்.

யூகேயிலிருந்து யூரோவுக்கு மாற்ற நம் ஊரில் ஒரு சுருக்குவழி புழங்குகிறது. ஆண்களுக்கு 34ஐக் கூட்டு, பெண்களுக்கு 33ஐக் கூட்டு. ஐரோப்பிய முறையில் ஆண், பெண் பேதம் இல்லை என்றால் இந்த இரண்டு எண்கள் ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு பார்லி மணி என்பது 1.27 பாரிஸ் பாயிண்ட். இரண்டு படிகளும் சமமில்லாததால், எல்லா சைஸுக்கும் பொருந்துகிற ஒரே கூட்டல் எண் இருக்க வழியில்லை. யூகே 5 என்பது 10 அங்குல லாஸ்ட், அதாவது 25.4 சென்டிமீட்டர். ஒன்றரையால் பெருக்கினால் 38.1. இங்கே வித்தியாசம் 33. யூகே 8 என்பது 27.94 சென்டிமீட்டர், பெருக்கினால் 41.9. இங்கே வித்தியாசம் 34. பெண்களின் காலணி பெரும்பாலும் 5ஐச் சுற்றியும் ஆண்களுடையது 8ஐச் சுற்றியும் இருப்பதால் இரண்டு சுருக்குவழிகளும் நடுவில் சரியாக வேலை செய்கின்றன. ஓரங்களுக்குப் போனால் கைவிட்டுவிடும். 11ஆம் நம்பர் ஆணுக்கு 45 என்று சொல்லும், உண்மையில் 45.7, அதாவது 46க்குப் பக்கம். 8ஆம் நம்பர் பெண்ணுக்கு 41 என்று சொல்லும், கணக்குப்படி 42. பெரிய கால் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஷூ எப்போதும் ஒரு சைஸ் குறைவாகவே வந்து சேர்வதில் இந்தச் சுருக்குவழிக்கும் பங்கு உண்டு.

அடிடாஸ் 41⅓, 42⅔ என்று மூன்றில் ஒரு பங்கு எண்களைப் போடுவதை விசித்திரமாக நினைக்க வேண்டாம். யூகேயில் அரை சைஸ் ஏறினால் ஐரோப்பாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறும். அதை 42, 42.5 என்று உருட்டி மறைக்காமல் அப்படியே எழுதுகிறார்கள். நேர்மையான ஏற்பாடு.

அமெரிக்க முறையும் பார்லி மணியில்தான் நிற்கிறது. ஆண்களுக்கு 25க்குப் பதில் 24ஐக் கழிப்பதால் யூகேயைவிட ஒன்று கூடுதல். அடிடாஸ் போன்ற சில நிறுவனங்களில் அரைதான் கூடுதல். இதுவரை சமாளித்துவிடலாம். பெண்களின் எண்ணில்தான் பெரும் குழப்பம். ஒரே ஷூவுக்கு ஆண்கள் எண் ஒன்று, பெண்கள் எண் வேறு. இரண்டுக்கும் இடையே அடிடாஸில் 1, நைக்கியில் 1½, கான்வர்ஸிலும் குரோக்ஸிலும் 2. பெண்கள் யூஎஸ் 8 என்பது நைக்கியில் யூகே 5½, அடிடாஸில் யூகே 6½. ஒரு முழு சைஸ் வித்தியாசம்! அமெரிக்காவில் இருக்கும் மகன் அம்மாவுக்கு நடைப்பயிற்சி ஷூ வாங்கி அனுப்ப நினைக்கிறான், அம்மா ‘எனக்கு 6’ என்கிறார். பொது அட்டவணை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவன் சரியான ஷூவை எடுக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று பார்த்தால், பெண்கள் யூஎஸ் 8 என்ற அந்த இரண்டு ஷூக்களின் சீட்டிலும் பாத நீளம் 25 சென்டிமீட்டர்தான்.

பாதத்தை நேரடியாகச் சொல்லும் முறையின் பலம் அது. ஐஎஸ்ஓ 9407 என்ற சர்வதேசத் தரத்தில் இதற்கு ‘மாண்டோபாயிண்ட்’ என்று பெயர். முதலில் பாதத்தின் நீளம், பிறகு அகலம், இரண்டும் மில்லிமீட்டரில்: 265/100 என்பதுபோல. ராணுவங்களின் பூட்ஸிலும் பனிச்சறுக்கு பூட்ஸிலும் இது வழக்கத்தில் இருக்கிறது. ஆண், பெண், குழந்தை என்ற பேதம் இல்லை, நாட்டுக்கு நாடு மாற்றமும் இல்லை.

ஆனால் சீட்டில் உள்ள சென்டிமீட்டரையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்கள் யூஎஸ் 7க்கு 25, 9க்கு 27, 12க்கு 30 என்று அது ஏறுகிறது. 7இலிருந்து 12 வரை ஐந்து சைஸ், சீட்டின்படி 50 மில்லிமீட்டர். பார்லி மணிக் கணக்கிலோ ஐந்து சைஸுக்கு 42 மில்லிமீட்டர்தான். சீட்டில் எண்கள் ஒழுங்காக வரிசைகட்ட வேண்டும் என்பதற்காக முழுமையாக்கியிருக்கிறார்கள். நடுத்தர சைஸ்களில் இது பெரிதாகத் தெரியாது. மிகப் பெரிய, மிகச் சிறிய கால்களுக்கு வாங்கும்போது, சீட்டோடு நின்றுவிடாமல் அந்த நிறுவனம் தன் தளத்தில் தரும் பாத நீள அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

அகலத்தைப் பற்றி நம் சந்தையில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய அளவுக்கருவி அப்போதே பாதத்தின் நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையான தூரம் மூன்றையும் எடுத்தது. அங்கே நீள எண்ணோடு ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி என்று வழக்கமான அகலத்துக்கு எழுத்து உண்டு, அகலமான காலுக்கு வேறு எழுத்துகள் உண்டு. நாம் நீள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று அந்த ஆய்வு காட்டியது. அகலம் போதாததால் நாம் நீளத்தில் ஒரு சைஸ் ஏற்றி வாங்குகிறோம். பிறகு ஷூ தளர்கிறது, கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம். அந்த ஆய்வின் அடிப்படையில் ‘பா’ (பாரதம் என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள் கொண்ட இந்திய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன். நம் காலுக்கு ஏற்ற லாஸ்ட் செய்யப்பட்டால் தீரும் பிரச்சினை இது. எத்தனை அட்டவணை போட்டாலும் தீராது.

அதுவரை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று விரிந்திருக்கும், எனவே மாலையில் அளப்பது நல்லது. காகிதத்தைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் படும்படி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் குறைத்துக் காட்டும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம். பெருவிரல், சுண்டுவிரல் அடிமூட்டுகளின் வெளிப்புறத்திலும் இரண்டு புள்ளிகள். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு மறுகாலுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டில் பெரியதுதான் உங்கள் அளவு. வெளிநாட்டில் இருப்பவரிடம் ஷூ கேட்கும்போது அந்த இரண்டு எண்களை அனுப்புங்கள். அவர் வாங்கப்போகும் நிறுவனத்தின் அட்டவணையில் பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதையே எடுங்கள். தோல் ஷூ பழகப் பழக அகலத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது.