மே மாசம் கிரிண்டெல்வால்ட் போறவங்க 'ஹைக்கிங் பேக்கேஜ்'னு காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சுவிஸ்ல கிரிண்டெல்வால்ட், வெங்கன், லாட்டர்புருன்னன் பக்கம் ஏப்ரல் கடைசியிலயோ மே மாசத்துலயோ ரெண்டு பேரா போய் மலையில நடந்துட்டு வரலாம்னு பிளான் பண்றவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிடுங்க. காசு போனது ஒரு பக்கம். நான் உக்காந்து இவ்வளவு எழுதறதுக்குக் காரணம், ரூம் குடுத்த ஆளு பனி மூடிக் கிடந்த பாதையில எங்களை நடந்து போகச் சொல்லி அனுப்பினதுதான். அதை நினைச்சா இப்பவும் ஆத்திரம் அடங்க மாட்டேங்குது.

நாங்க ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்கோம். மே ஒண்ணு லீவு வீக்கெண்டோட சேர்ந்து வந்துது, சரி சுவிஸ் போலாம்னு முடிவு பண்ணோம். என் ஹஸ்பண்டுக்கு முட்டி வலி இருக்கு, ஏத்தம் ஏற முடியாது, அதனால கேபிள் கார் லிஃப்ட்ல மேல போய்ட்டு மெதுவா இறக்கமா நடக்கற மாதிரி பாதைதான் வேணும்னு தேடினோம். அப்படித் தேடினா எல்லாரும் சொல்றது மேன்லிக்கென்லேர்ந்து க்ளைன ஷைடெக் வரைக்கும் போற பனோரமா பாதை. கோண்டோலாவுல (கம்பியில தொங்கிட்டுப் போற சின்ன கேபின்) ரெண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல போய் இறங்கி, ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூணு சிகரமும் எதிர்ல தெரிய ஒரு ஒன்றரை மணி நேரம் சாவகாசமா நடந்தா ஷைடெக் ஸ்டேஷன் வந்துடும், அங்கேர்ந்து ட்ரெயின்ல கீழ இறங்கிடலாம். இவர் மாசக்கணக்கா அந்தப் பாதை போட்டோவைப் பாத்துட்டே இருந்தார்.

கிரிண்டெல்வால்ட்ல ஒரு சின்ன கெஸ்ட்ஹவுஸ், குடும்பமா நடத்தறாங்க, பேர் சொல்லல, ஏன்னு கடைசியில சொல்றேன். அவங்க சைட்ல 'ரெண்டு பேருக்கான வசந்தகால ஹைக்கிங் பேக்கேஜ்'னு போட்டிருந்துது. ஐகர் தெரியற ரூம், காலை சாப்பாடு, ஒரு நாள் ராத்திரி சாப்பாடு, மேன்லிக்கென் கோண்டோலா டிக்கெட், கையில எடுத்துட்டுப் போக பிக்னிக் பை, எல்லாம் சேர்த்து ஒரே விலை, ஊர் வரியும் உள்ள அடக்கம்னு தெளிவா எழுதியிருந்தாங்க. முழுப் பணமும் முன்னாடியே கட்டணும், கேன்சல் பண்ணா திரும்ப வராது. கட்டறதுக்கு முன்னாடி நான் மெயில் போட்டு, நாங்க வர்ற தேதியில கோண்டோலா ஓடுமா, பாதை திறந்திருக்குமான்னு ரெண்டையும் தனித்தனி கேள்வியாவே கேட்டேன். ரெண்டுக்கும் ஆமாம்னு பதில் வந்துது, வசந்தம்தான் எங்க ஊர்ல அழகான சீசன், கூட்டமும் இருக்காதுன்னு வேற எழுதியிருந்தார். அந்த மெயில் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு.

இண்டர்லாகன் ஓஸ்ட்ல ட்ரெயின் மாறினோம். (புதுசா போறவங்க கவனிங்க, அந்த ட்ரெயின் ட்ஸ்வைலூட்ஷினென்ல ரெண்டா பிரியும், ஒரு பாதி கிரிண்டெல்வால்ட், இன்னொரு பாதி லாட்டர்புருன்னன், பெட்டி மேல ஊர் பேர் போட்டிருக்கும் பாத்து ஏறுங்க.) ஊர்ல இறங்கி ஐகரைப் பாத்ததும் ரெண்டு பேருக்கும் பேச்சே வரல, அவ்வளவு கிட்டக்க நிக்குது அந்த மலை. அந்த சந்தோஷம் கெஸ்ட்ஹவுஸ் கவுண்டர் வரைக்கும்தான்.

முதல்ல ஊர் வரி. அது நியாயமான வரிதான், கூர்டாக்ஸெம்பாங்க, சுவிஸ்ல இந்த மாதிரி ஊர்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு எல்லா விடுதியிலயும் வாங்குவாங்க, நாங்க குடுக்க மாட்டோம்னு சொல்லல. ஆனா பேக்கேஜ்ல அடக்கம்னு எழுதினதை கெஸ்ட்ஹவுஸ்காரர் மறுபடி கேட்டார். கூடவே ரூம் க்ளீனிங்குக்குத் தனியா, 'எனர்ஜி சார்ஜ்'னு தனியா. என் ஹஸ்பண்ட் சைட்ல இருந்ததை போன்ல எடுத்துக் காட்டினார், அந்த ஆளு அது பழைய பக்கம்னு சொல்லிட்டார். நாங்க புக் பண்ணதே அந்தப் பக்கத்துலதான்! இருட்டப் போற நேரம், கையில பெட்டி, வேற எங்க போறது, கட்டினோம்.

அந்தக் காசைக் கட்டும்போது நடந்ததையும் சொல்லிடறேன், ஏன்னா இது எந்த ஊர்லயும் யாருக்கும் நடக்கலாம். கார்டு மெஷின்ல எங்க ஜெர்மன் கார்டைப் போட்டதும் யூரோல கட்டறீங்களா ஃப்ராங்க்ல கட்டறீங்களான்னு ரெண்டு வரி வந்துது. நாங்க பாக்கறதுக்குள்ள அவரே கட்டைவிரலால யூரோவை அமுக்கிட்டு அப்புறமா மெஷினை எங்க பக்கம் திருப்பி பின் நம்பர் போடுங்கன்னார். நமக்கு உதவி பண்ற மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த யூரோ ரேட் மெஷின் கம்பெனி வைக்கற ரேட், நம்ம பேங்க் ரேட்டை விட மோசமாதான் இருக்கும். நான் கேன்சல் பண்ணி மறுபடி போடச் சொன்னேன், முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே போட்டார். இந்தியா கார்டு வச்சிருந்தா ரூபாய்னு கேக்கும். எங்க கேட்டாலும் ஃப்ராங்க்தான் அமுக்கணும், அதுவும் நீங்களே அமுக்கணும்.

ரூம் ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்தற இடமும் எதிர் வீட்டு விறகு அடுக்கும். ஐகர் எங்கன்னு கேட்டா பால்கனி கோடியில போய் எட்டிப் பாத்தா தெரியும்ங்கறார். சரி, நாம ரூமுக்கா வந்தோம், நடக்கத்தானே வந்தோம்னு ரெண்டு பேரும் சமாதானம் பண்ணிக்கிட்டு படுத்துட்டோம்.

காலையில பிக்னிக் பையைத் தூக்கிட்டு கிரிண்டெல்வால்ட் டெர்மினல் போனோம். அது பெரிய புது கட்டடம், ஒரே கூரைக்கு கீழ ரெண்டு லைன். ஒண்ணு ஐகர் எக்ஸ்பிரஸ், 2020 டிசம்பர்ல ஆரம்பிச்சது, நேரா ஐகர்க்ளெட்ஷர் ஸ்டேஷனுக்குப் போகும், யுங்ஃப்ராவ்யோக் போறவங்க எல்லாம் அதுல ஏறுவாங்க. இன்னொண்ணுதான் மேன்லிக்கென் கோண்டோலா. ஐகர் எக்ஸ்பிரஸ் பக்கம் ஜே ஜேன்னு கூட்டம், எங்க லைன் பக்கம் லைட்டே எரியல, கேட் மூடியிருக்கு, தொங்கற கேபின் ஒண்ணைக்கூட காணோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு எங்க வவுச்சரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, ஸ்கீ சீசன் ஏப்ரல்ல முடிஞ்சதும் மூடிட்டோம், மே கடைசியிலதான் திறக்கும், நடுவுல பராமரிப்பு வேலை நடக்கும், வருஷா வருஷம் இப்படித்தான்னு சொன்னா. திறக்கற தேதி மாசக்கணக்குக்கு முன்னாடியே அறிவிச்சாச்சாம்.

அந்த ஊர்லயே விடுதி நடத்தற ஒருத்தருக்கு இது தெரியாதா? சொல்லுங்க.

திரும்பிப் போய்க் கேட்டோம். ஒரு வருத்தம் கிடையாது, ஒரு ஸாரி கிடையாது. அதனால என்ன, ட்ரெயின்ல க்ளைன ஷைடெக் போங்க, அங்கேர்ந்து அதே பாதையில எதிர்ப்பக்கமா நடந்துட்டுத் திரும்பி வாங்க, பனியெல்லாம் உருகிடுச்சு, நேத்துகூட கெஸ்ட் போய்ட்டு வந்தாங்கன்னார். ட்ரெயின் டிக்கெட் எங்க செலவு. கோண்டோலா காசைத் திருப்பிக் குடுங்கன்னா, பேக்கேஜ்னா பேக்கேஜ்தான், பிரிச்சுத் தர முடியாதுன்னுட்டார்.

நம்பித்தான் போனோம். ட்ரெயின் ஏற ஏற பச்சை குறைஞ்சு வெள்ளையாயிட்டே வந்துது. ஷைடெக் 2,061 மீட்டர். ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரத்துலயே மேன்லிக்கென்னு எழுதின மஞ்சள் போர்டு நிக்குது, அதுக்கு கீழ பாதை மூடியிருக்குன்னு ஜெர்மன்ல எழுதி குறுக்க கயிறு கட்டியிருந்தாங்க. கயிறு கிட்ட நின்னு நான் என் ஸ்டிக்கைப் பனியில ஊன்றினேன், கைப்பிடி வரைக்கும் சொருகிடுச்சு. மேல மட்டும் லேசா இறுகின மாதிரி இருக்கு, உள்ள பூரா சொதசொதன்னு ஈரம். அங்க வேலை பார்த்துட்டிருந்த ரயில்வேக்காரர் ஒருத்தர் வேகமா வந்து எங்க போறீங்கன்னு கேட்டார், கெஸ்ட்ஹவுஸ்ல சொன்னதைச் சொன்னதும் அவருக்கே கோபம் வந்துடுச்சு. வெயில் ஏறினா மேல சரிவுலேர்ந்து ஈரப்பனி மொத்தமா இறங்கும், இந்தப் பாதை அதுக்கு நேர் கீழ போகுது, யாரும் போகல, யாரையும் விடறதும் இல்லன்னார். அந்தக் கயிறு அன்னிக்கு அவிழ்ந்து கிடந்து, போர்டு படிக்க ஜெர்மன் தெரியாத ஒரு ஜோடி, முட்டி வலியோட, ஊர்க்காரரே சொல்லியிருக்காரேன்னு நடந்திருந்தா? மலையில மாட்டினா 1414 அடிச்சா ரேகாங்கற சுவிஸ் மீட்பு சேவையோட ஹெலிகாப்டர் வரும், அது உண்மைதான், ஆனா இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கு அந்த பில்லே ஆயிரக்கணக்குல ஃப்ராங்க். அதுவும் ஆள் உயிரோட கிடைச்சாத்தான்.

கீழ இறங்கினதும் இண்டர்லாகன்ல ஒரு கடைக்குப் போனோம், அங்க வேலை செய்யற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் நாங்க தமிழ்ல பேசறதைக் கேட்டு வந்து பேசினார். விஷயத்தைச் சொன்னதும், "தங்கச்சி, மே கடைசி வரைக்கும் மேல கனக்க இடம் ஓடாது, பூட்டித்தான் கிடக்கும். அவைக்கு அது நல்லாத் தெரியும். சும்மா விடாதேங்கோ, எல்லாத்தையும் எழுத்தில குடுங்கோ"ன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்குத் தெம்பே வந்துது. சுவிஸ்ல ஹோட்டல், ரெஸ்டாரண்ட் கிச்சன்லயெல்லாம் ஈழத்துக்காரங்க வருஷக்கணக்கா உழைக்கறாங்க, ஊர் நிலவரம் கேக்கணும்னா கூச்சப்படாம அவங்ககிட்ட கேளுங்க.

அவர் சொன்ன மாதிரியே நேரா டூரிஸ்ட் ஆபீஸ் போய், மேன்லிக்கென் லைன் எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் மூடல்னு பேப்பர்ல எழுதி வாங்கிட்டேன். அங்க இன்னொண்ணும் தெரிஞ்சுது, ஊர் வரி கட்டற எல்லாருக்கும் கெஸ்ட் கார்டு தரணும், அதைக் காட்டினா உள்ளூர்ல சில சலுகை உண்டு. எங்ககிட்ட வரியை வாங்கினாரே தவிர கார்டைப் பத்தி வாயைத் திறக்கல.

மிச்ச நேரத்தை வீணாக்கலன்னு மட்டும் சொல்லணும். மே மாசம் அங்க நடக்க இடமே இல்லன்னு நினைச்சிடாதீங்க, மேலதான் இல்ல, கீழ தாராளமா இருக்கு. லாட்டர்புருன்னன்லேர்ந்து ஸ்டெக்கல்பெர்க் வரைக்கும் பள்ளத்தாக்குல ஆறேழு கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதளம், இவர் முட்டிக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆரம்பத்துலயே ஷ்டௌப்பாக் அருவி முந்நூறு மீட்டர் உயரத்துலேர்ந்து பாறையைத் தொடாம காத்துல சிதறி விழுது. நடுவுல ட்ரும்மெல்பாக், அது மலைக்கு உள்ளயே ஓடற பத்து அருவி, மூணு சிகரத்து பனி உருகின தண்ணியும் அந்த ஒரே குடைவுல இறங்குது, சத்தத்துல பக்கத்துல நிக்கறவங்க பேசறது கேக்காது, சுவர்ல கை வச்சா அதிர்றது தெரியும். நாங்க போனப்போ அது திறந்துதான் இருந்துது. கால் வலிச்சா மஞ்சள் போஸ்ட் பஸ் அதே ரோட்டுல வருது. இதை அந்த ஆளு முன்னாடியே உண்மையைச் சொல்லி, மேல மூடியிருக்கு கீழ போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா நாங்க சந்தோஷமா வந்திருப்போம், நல்லபடியா நாலு பேர்கிட்ட சொல்லியும் இருப்போம். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இப்ப காசு விஷயம். சுவிஸ்ல 1993ல போட்ட பேக்கேஜ் டூர் சட்டம் ஒண்ணு இருக்கு. ராத்திரி தங்கறதோட இன்னொரு முக்கியமான சேவையும் சேர்த்து ஒரே விலைக்கு வித்தா அது பேக்கேஜ் கணக்குல வரும், சொன்னதுல பெரிய பகுதியைக் குடுக்கலன்னா சரியான மாற்று ஏற்பாடு பண்ணணும், விலை வித்தியாசத்துக்கும் ஈடு குடுக்கணும். இதைக் குறிப்பிட்டு, அவரோட பழைய மெயில், டூரிஸ்ட் ஆபீஸ் பேப்பர், மூடின கேட் போட்டோ, கயிறு கட்டின போர்டு போட்டோ எல்லாத்தையும் இணைச்சு மெயில் போட்டேன். அதுவரைக்கும் பதிலே போடாத ஆளு அன்னிக்கே பதில் போட்டார், அடுத்த தடவை வந்தா தள்ளுபடி கூப்பன் தர்றாராம். அடுத்த தடவையா! வேண்டாம், பணமா குடுங்கன்னு எழுதிட்டு, சேவை கிடைக்கலன்னு பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல கட்டின காசை பேங்க் மூலமா திரும்பக் கேக்கறது) போட்டாச்சு. கார்டுல கட்டினதால இது முடியுது, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க, தள்ளுபடி தர்றேன்னு முதல்ல கேட்டிருந்தார், அப்படிக் கட்டியிருந்தா சார்ஜ்பேக் போட முடியாது.

புக் பண்ணப் போறவங்க லிஃப்ட் கம்பெனி சைட்லயே எந்த லைன் ஓடுது, எந்த லைன் எப்ப திறக்குதுன்னு பாருங்க, வெப்கேமும் இருக்கு, மேல பனி கிடக்கறது கண்ணால தெரியும். மஞ்சள் போர்டு மட்டும்னா சாதாரண நடைபாதை, வெள்ளை சிவப்பு வெள்ளை கோடு போட்டிருந்தா மலைப்பாதை, நல்ல ஷூ வேணும், பனி இருந்தா போகவே கூடாது. வெள்ளை நீலம் வெள்ளை நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்லவே இல்ல. போர்டுல போட்டிருக்கற நேரம் நிக்காம நடந்தா ஆகற நேரம், போட்டோ எடுக்கறதையும் சாப்பிடறதையும் அதுல சேர்க்க மாட்டாங்க.

சார்ஜ்பேக் இன்னும் முடியல, பேங்க் அவங்ககிட்ட விளக்கம் கேட்டிருக்கு. அது முடியற வரைக்கும் கெஸ்ட்ஹவுஸ் பேரைச் சொல்ல வேண்டாம்னு இவர் சொல்றார், அதனால கேக்காதீங்க. அதே ஊர்ல இந்த மே மாசத்துக்கு இந்த மாதிரி பேக்கேஜ் ஏற்கனவே புக் பண்ணிட்டவங்க இருந்தீங்கன்னா, கேன்சல் பண்ற தேதி தாண்டறதுக்குள்ள இன்னிக்கே லிஃப்ட் கம்பெனிக்கு நேரடியா மெயில் போட்டு உங்க தேதியைச் சொல்லிக் கேளுங்க.